முசோர்க்ஸ்கியின் மாணவன் கோமாளி அல்ல

"உள்ளே வருவதைப் பற்று செய்க, வெளியே செல்வதை வரவு செய்க" என்று தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி வாய் முணுமுணுக்க, மனசு வேறெங்கோ போய்விடும். வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும். இந்த நிலைமையை ரஷ்ய இசையமைப்பாளர் மோடெஸ்ட் முசோர்க்ஸ்கி 1866-லேயே பாட்டாக்கிவிட்டார். பெயர் 'செமினாரிஸ்ட்', அதாவது குருமட மாணவன். வரிகளும் அவருடையவைதான். ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவே.

லத்தீனில் 'இஸ்' என்று முடியும் சில பெயர்ச்சொற்கள் ஆண்பால். ரொட்டி, மீன் என்று போகும் அந்தப் பட்டியலைப் பையன் உருப்போடுகிறான். நடுவில் பாதிரியார் செம்யோனின் மகள் ஸ்த்யோஷா நினைவுக்கு வருகிறாள். தேவாலயத்தில் அவளைப் பார்த்ததற்காக அவள் அப்பாவிடம் வாங்கிய அடியும் கூடவே வருகிறது. உடனே மறுபடியும் லத்தீன்!

லத்தீன் வரும்போது குரல் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் தடதடவென ஓடுகிறது. அவள் நினைப்பு வந்தால்தான் பாட்டு கொஞ்சம் மூச்சு விடுகிறது.

இதைச் சிரிப்புப் பாட்டு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய ரஷ்யாவில் பாதிரியார் வீட்டுப் பையன்கள் பெரும்பாலும் குருமடப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். விருப்பமா என்று யார் கேட்டார்கள்? அங்கே விழுந்த அடியைப் பற்றி, அங்கேயே படித்த பொம்யலோவ்ஸ்கி 1862-63-ல் எழுதியிருக்கிறார். புரட்சி பேசிய செர்னிஷெவ்ஸ்கியும் குருமடத்தில் படித்தவர்தான். அடித்து மனப்பாடம் செய்ய வைத்த இடத்திலிருந்து எப்படிப்பட்டவர்கள் வந்தார்கள், பாருங்கள்.

1870-ல் தணிக்கைத் துறை இந்தப் பாட்டுக்குத் தடை போட்டது. வெறும் கோமாளிப் பாட்டுக்கு யாராவது தடை போடுவார்களா? என்னைக் கேட்டால், பாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அந்த அதிகாரிகள்தான்! முசோர்க்ஸ்கியும் இதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். நிலாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட இசைக்காரர்கள் இப்போது மனித சமுதாயத்தில் சேர்ந்துவிட்டார்கள், அதற்கு இந்தத் தடையே சாட்சி என்ற பொருளில் விமர்சகர் ஸ்டாசவுக்குக் கடிதம் எழுதினார்.

கடைசியிலும் பையனுக்கு விடுதலை கிடையாது. பட்டியலோடுதான் பாட்டு முடிகிறது. போரிஸ் கிறிஸ்டோஃப் 1950-களில் பாடிய பதிவு கிடைத்தால் கேளுங்கள். முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை.