சராசரி பத்து நிமிடம்

பேருந்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தமிழில் எல்லாருக்கும் ஜன்னலோர சீட்டு கிடைத்துவிடுகிறது. வெளியே மழை பெய்கிறது, யாரோ ஒருவரின் செல்போனில் இளையராஜா, முன் சீட்டுக் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. நானும் அப்படி இரண்டு கட்டுரை எழுதியவன்தான். இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன்; காலை நேரத்தில் ஜன்னலோர சீட்டு கிடைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பஸ்ஸைப் பற்றிய என் நினைவுகளில் பெரும்பகுதி பஸ்ஸுக்குள் நடந்தவையே அல்ல. நிறுத்தத்தில் நின்றவை. அதை யாரும் எழுதுவதில்லை. எழுத அங்கே என்ன இருக்கிறது, ஒன்றும்தான் நடக்காதே என்பீர்கள். அந்த ஒன்றும் நடக்காத நேரத்தைப் பற்றித்தான் எனக்குச் சண்டை போட வேண்டியிருக்கிறது.

சென்ற ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை. ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்து எத்தனையோ வருடமாகியும் நாம் ஓஎம்ஆர் என்றே சொல்லும் சாலையில், துரைப்பாக்கத்தில் நிற்கிறேன். சிறுசேரி போகவேண்டும். மெட்ரோ வேலைக்காக நடுச்சாலையில் தகரத் தடுப்பு. அதனால் நிழற்குடை ஓரிடத்தில், பஸ் நிற்பது வேறோர் இடத்தில். இரண்டுக்கும் நடுவே உத்தேசமாக நின்றுகொண்டு, பஸ் தலை தெரிந்ததும் எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். நான் வந்து நின்றது 8.05. எங்கள் தடத்தின் முதல் பஸ் வந்தது 8.41. படியில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. ஓடினோம். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "பின்னாடி காலியா வருது, அதுல வாங்க!" என்றார். இந்த வசனத்தைச் சென்னைவாசி யாரும் நம்புவதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது சத்தியம். 8.43-க்கு ஒன்று வந்தது, பாதி காலி. அதன் பின்புறத்தை முட்டுவதுபோல மூன்றாவது. அதில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலோர சீட்டேதான். அந்தக் காலி சீட்டுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

என்னோடு அந்த மூன்றாவது பஸ்ஸில் ஏறியவர் ஒரு அக்கா. கண்ணகி நகர்க்காரர். எங்கள் அலுவலகம் இருக்கிற அதே கட்டடத்தில் ஹவுஸ் கீப்பிங் வேலை. நிறுத்தத்தில் என்னைத் தம்பி என்பார். கட்டடத்தின் கேட்டைத் தாண்டினால் சார் என்பார். எத்தனை தடவை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது ஒன்பதரை. நான் நேராகப் போய் லேப்டாப்பைத் திறந்தேன், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு ஒன்பது மணி ஷிஃப்ட். காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் அரை நாள் போட்டுவிட்டார்.

"மூணு வண்டி வந்துச்சுன்னு சொன்னேன் தம்பி. மூணு வந்துச்சுல்ல, அப்புறம் என்னா லேட்டுன்றாரு" என்றார் மறுநாள்.

அந்த சூப்பர்வைசரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இந்த நகரம் முழுக்க அவரைப் போலத்தான் கணக்குப் போடுகிறது.

கணக்கு சின்னதுதான், பொறுமையாகப் பாருங்கள். ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பஸ். சராசரி இடைவெளி பத்து நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். இப்போது அதே ஆறு பஸ்ஸும் மும்மூன்றாக ஒட்டிக்கொண்டு, அரைமணிக்கு ஒரு கூட்டமாக வருகின்றன என்று வையுங்கள். சராசரிக் காத்திருப்பு பதினைந்து நிமிடம். அதே ஆறு பஸ், அதே டீசல், அதே டிரைவர்கள், அதே சம்பளம். பயணியின் காத்திருப்பு மட்டும் மூன்று மடங்கு. இன்னொன்றும் இருக்கிறது. ஆறில் மூன்றை டிப்போவிலேயே நிறுத்திவிட்டு, மீதி மூன்றைச் சரியாக இருபது நிமிட இடைவெளியில் விட்டால் சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம்தான். அதாவது ஒட்டிக்கொண்டு வரும் ஆறைவிட ஒழுங்காக வரும் மூன்று மேல். (நெரிசலில் மூச்சுமுட்டும் என்பது வேறு விஷயம். பஸ்ஸைக் குறையுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம்.)

இடைவெளிகள் சமமாக இல்லாதபோது இன்னொரு வேடிக்கையும் சேர்ந்துகொள்கிறது. நீண்ட இடைவெளி நீண்ட நேரம் இருக்கிறது. ஆகவே அதில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். இரண்டு நிமிட இடைவெளியில் நிறுத்தத்துக்கு வருபவர் மிகச் சிலர். "நான் போறப்ப மட்டும் பஸ்ஸே வராது" என்று நம் வீட்டில் யாராவது புலம்பினால் அது ராசியோ மனப்பிரமையோ அல்ல, நிகழ்தகவு. புள்ளியியல் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி.

சரி, பஸ்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன? டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள், டீக்கடையில் நின்றுவிடுகிறார்கள் என்றெல்லாம் நிறுத்தத்தில் தினம் ஒரு கதை ஓடும். உண்மை அதைவிட அலுப்பானது. சிக்னலில் மாட்டியோ வேறு எதனாலோ ஒரு பஸ் இரண்டு நிமிடம் தாமதமாகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகச் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரமாகிறது, இன்னும் தாமதம், அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஏற்ற ஆள் இல்லை, நிற்க வேலையில்லை, விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. தாமதம் தாமதத்தைக் குட்டிபோடுகிறது. நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள். சும்மா விட்டால் பஸ்கள் ஒட்டத்தான் செய்யும். தள்ளித் தள்ளி வைத்துக்கொள்ள யாராவது ஒருவர் தொடர்ந்து வேலை செய்தாக வேண்டும். என்னைப் போல பி.இ. படித்தவர்கள் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று ஒரு பாடத்தை எழுதித் தேறியிருப்போம். அதில் முதல் அத்தியாயத்தில் வருகிற சமாச்சாரம் இது.

யார் அந்த வேலையைச் செய்கிறார்கள்? இந்தியாவில் அரசுப் பேருந்து நிர்வாகங்கள் தம்மைத் தாமே அளந்துகொள்ளும் கோல்களைப் பாருங்கள்: ஓடிய கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு வருமானம், டிப்போவிலிருந்து வெளியே வந்த பஸ்களின் சதவீதம், ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடியது. எல்லாம் பஸ்ஸைப் பற்றியவை. சென்னையில் 2025-இல் ஒப்பந்த முறையில் வந்த மின்சாரப் பேருந்துகளுக்கும் ஓடிய கிலோமீட்டரை வைத்துத்தான் பணம். அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் தடத்தில் ஒட்டி வந்த மூன்று பஸ்ஸும் இந்தக் கோல்கள் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். நடை ஒன்றும் ரத்தாகவில்லை, கிலோமீட்டர் குறையவில்லை. அக்காவின் அரை நாள் கூலி எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டத்திலும் வராது.

நான் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில். எங்கள் தடத்தில், குறிப்பிட்ட நிறுத்தத்தில், ஒரு வாரத்தில் அடுத்தடுத்த பஸ்களுக்கு இடையே இருந்த இடைவெளிகள் என்ன என்பதுதான் கேள்வி. பதில் வந்தது, நேரத்துக்குள்ளேயே வந்தது, அதற்குப் பாராட்ட வேண்டும். தடத்துக்கு ஒதுக்கப்பட்ட பேருந்துகள் இத்தனை, நாளொன்றுக்கு இயக்கப்படும் நடைகள் இத்தனை. நான் கேட்டது "எப்போது?" அவர்கள் சொன்னது "எத்தனை". என் கேள்வியைத் தட்டிக்கழித்தார்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இடைவெளி என்று ஒன்றைக் கேட்பார்கள் என்றே அந்த மேசைக்குத் தெரியவில்லை.

இது நம்மால் ஆகாத காரியம், வெள்ளைக்காரன் ஊர் விஷயம் என்று ஒரு நண்பர் சொன்னார். லண்டனில் அடிக்கடி ஓடும் தடங்களுக்கு 'கூடுதல் காத்திருப்பு நேரம்' என்று ஓர் அளவு உண்டு. ஒழுங்காக ஓடியிருந்தால் பயணி எவ்வளவு காத்திருப்பார், உண்மையில் எவ்வளவு காத்திருந்தார், இரண்டுக்கும் வித்தியாசம். அது கூடினால் பஸ் நடத்தும் நிறுவனத்துக்குப் பணம் பிடிப்பு, குறைந்தால் ஊக்கத்தொகை. சரி, அது லண்டன். ஆனால் சிங்கப்பூர் 2014-இல் அதே முறையைச் சோதனையாகத் தொடங்கியது. சிங்கப்பூரை உதாரணம் காட்டாத ஒரு கல்யாண வீட்டுப் பேச்சு தமிழ்நாட்டில் உண்டா? குப்பை போட்டால் அபராதம் என்பதை மட்டும் ஐம்பது வருடமாகப் பேசுகிறோம். பஸ் ஒட்டி வந்தால் அபராதம் என்பதை ஒருவரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

என் துறைக்காரர்களிடம் வருகிறேன். அவர்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு ஆப் இருக்கிறது. "பஸ் எங்க வருதுன்னு போன்லயே தெரியுதே, அப்புறம் என்ன மச்சி?" தெரிகிறதுதான். எனக்கு உதவவும் செய்கிறது: முப்பது நிமிடம் ஆகும் என்று காட்டினால் வீட்டிலேயே இன்னொரு காபி குடிப்பேன். ஒன்பது மணிக்கு விரலை வைக்க வேண்டிய அக்காவுக்கு அந்தத் தகவலால் என்ன லாபம்? அரை நாள் போகப்போகிறது என்பது அரைமணி முன்னாலேயே தெரியும், அவ்வளவுதான். பஸ்ஸில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியை வைத்து இடைவெளிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முந்திக்கொண்டு வருகிற பஸ்ஸை நடுவழியில் ஒரு டைம் கீப்பரைக் கொண்டு இரண்டு நிமிடம் நிறுத்திவைக்கலாம். உள்ளே இருப்பவர்கள் "வண்டிய எடுய்யா" என்று கத்துவார்கள், நானே கத்துவேன். ஆனாலும் மொத்தத்தில் அது லாபம். இப்போது அந்தக் கருவி பயணியின் போனைப் பார்த்துத் திருப்பிவைக்கப்பட்டிருக்கிறது. எப்போது வரும் என்று தெரிந்துகொள்வது உன் பொறுப்பு, தெரிந்த பிறகு தவிப்பதும் உன் பாடு.

இதில் பெண்களின் காத்திருப்பு தனிக் கணக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், அதனால் கிடைத்த துணிச்சலில் வேலை தேடிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். 2022-இல் ஓர் அமைச்சர் மேடையிலேயே அதை 'ஓசி' என்று சொல்லிக் கெட்டபெயர் வாங்கினார். ஆனால் அது ஓசியும் இல்லை. அக்கா டீலக்ஸ் வந்தாலும் ஏறமாட்டார், ஏசி வந்தாலும் ஏறமாட்டார். "ஒயிட் போர்டா தம்பி, கண்ணு தெரியல" என்று என்னைக் கேட்பார். ஒன்றை விட்டு, இன்னொன்றையும் விட்டு, சாதாரண பஸ் வரும்வரை நிற்பார். மிச்சமாகும் டிக்கெட் காசை நிமிடங்களாகக் கட்டிவிடுகிறார். சாதாரண பஸ்களும் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அரசு அறிவிக்காத கட்டண உயர்வு அது. போராட்டம் நடத்த ஒரு தேதிகூடக் கிடையாது. 2018 ஜனவரியில் குறைந்தபட்சக் கட்டணம் மூன்றிலிருந்து ஐந்து ரூபாயானபோது மாணவர்கள் சாலைக்கு வந்தார்கள். ஐந்து நிமிடம் பதினைந்தானால் யார் வருவார்கள்?

"மெட்ரோ வந்துடும், எல்லாம் சரியாயிடும்" என்பது இந்தச் சாலையில் எல்லாரும் ஜபிக்கிற மந்திரம். வரட்டும். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். நான் மெட்ரோவுக்கு எதிரி அல்ல. ஆனால் இந்த ஊரில் தண்டவாளம் காத்திருக்க வைத்த கதையையும் மறக்கக்கூடாது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை 2008-இல் வேலை ஆரம்பித்து, அரை கிலோமீட்டர் நிலத் தகராறில் வருடக்கணக்கில் அந்தரத்தில் நின்றது. கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே அதே ரயிலை 2023 ஆகஸ்டில் ஏழு மாதம் என்று சொல்லி நிறுத்தி, 2024 அக்டோபரில் திறந்தார்கள். பஸ்ஸின் இடைவெளியைச் சரிசெய்யப் பாலம் வேண்டாம், நிலம் வேண்டாம், உலக வங்கிகூட வேண்டாம். அதனால்தானோ என்னவோ, அடிக்கல் நாட்ட ஆளில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். தடவாரியாக, நிறுத்தவாரியாகப் பயணியின் காத்திருப்பு நேரத்தை அளந்து மாதாமாதம் வெளியிடுங்கள். முதலில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கு. அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அளக்க ஆரம்பித்தால் டைம் கீப்பருக்கு வேலை வரும். பஸ்ஸுக்குத் தனித் தடம் வேண்டும் என்று நிர்வாகமே போலீஸிடம் போய் நிற்கும். டிரைவர் பற்றாக்குறையை "நடை ரத்து" என்ற இரண்டு வார்த்தையில் மூடிவைக்க முடியாது.

தகவல் உரிமை மனுவுக்கு மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். இந்த முறை "எப்போது" என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன். அக்காவிடம் சொன்னேன். "அதெல்லாம் குடுப்பாங்களா தம்பி?" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே டீலக்ஸ் ஒன்று வந்து, அதிசயமாக எங்கள் எதிரிலேயே நின்றது. ஒன்பதரைக்கு எனக்கு ஒரு மீட்டிங். "நீ போ, உனக்கு நேரமாவுது" என்றார். ஏறிவிட்டேன்.