கலர் மீனின் குடல் நீளம்

கொளத்தூர் கடைகளில் கலர் மீன் வாங்குகிறவர்களுக்கு ‘சிக்லிட்’ என்ற பெயர் பழகியிருக்கும். பழகாதவர்களுக்கும் அந்தக் குடும்பம் தெரியும். 1952-ல் இந்தியாவுக்கு வந்து இன்று நம் ஏரி, குளமெல்லாம் நிறைந்துகிடக்கும் ஜிலேபி மீன் ஒரு சிக்லிட்தான். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர் எல்லாம் அதன் பங்காளிகள். இவற்றைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: முட்டை வேண்டுமா, கொழுக்கப் போடு. அதனால் டியூபிஃபெக்ஸ் புழு, அரைத்த மாட்டு இதயம், டப்பாவில் புரத சதவீதம் எது அதிகமோ அந்தக் குருணை என்று இனம் பார்க்காமல் கொட்டுகிறார்கள். முட்டையிடும் மீனுக்குக் கூடுதல் சத்து வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால், அந்தச் சத்து எந்த வடிவத்தில், எத்தனை வேளையாகப் போக வேண்டும் என்பதை மீனின் குடல்தான் தீர்மானிக்கிறது. டப்பாவின் மேலிருக்கும் எண் அல்ல.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் ‘ம்புனா’ என்ற பாறை மீன்கள் இருக்கின்றன. நம் கடைகளில் நீலமும் மஞ்சளுமாகப் பளபளப்பவற்றில் பல இவைதான். பாறையில் பச்சைப் பாசி மெல்லிய கம்பளம்போலப் படிந்திருக்கும். ம்புனா தன் நுண்ணிய பல்வரிசையைச் சீப்புபோல அதில் வைத்து இழுத்துச் சுரண்டும். ஒரு வாயில் கிடைப்பது கொஞ்சம் பாசி, அதில் ஒளிந்திருக்கும் ஓரிரு பூச்சிப்புழு, பாதி மண். இப்படியே பொழுது முழுக்க மேய்ந்தால்தான் வயிறு நிறையும். தங்கனீக்கா ஏரியின் ட்ரோஃபியஸ் மீனுக்கும் இதே பிழைப்புதான். நீர்த்துப்போன அந்தத் தீனியிலிருந்து சத்தைக் கறந்தெடுக்க அதன் குடல் உடலைப்போலப் பல மடங்கு நீண்டு, சுருண்டு கிடக்கிறது. பிற மீனைப் பிடித்துத் தின்னும் சிக்லிட்டுகளுக்குக் குடல் குட்டை. ஆக, இதைச் சைவம், அசைவம் என்று பிரிப்பதே தப்பு. பாசி மேயும் மீனும் புழுவை விழுங்கத்தான் செய்கிறது. அது நாள் முழுக்கச் சிறுகச் சிறுகத் தின்கிறதா, அல்லது ஒரே வேளையில் விருந்துண்டு கிடக்கிறதா என்பதே கேள்வி. நாமோ மேய்கிற மீனுக்குக் காலையில் ஒரு விருந்து, மாலையில் ஒரு விருந்து வைக்கிறோம்.

“மீன் ஆசையாகத்தானே தின்கிறது?” என்பார்கள். மீனின் ஆசையை நம்பக் கூடாது. கரல் லீம் என்ற உயிரியலாளர் 1980-ல் கவனப்படுத்திய முரண் இது: ஒரு தீனிக்கென்றே பல்லும் தாடையும் அமைந்த சிக்லிட், அதைவிட எளிதான இரை கண்ணில் பட்டால் தயங்காமல் அதற்குத் தாவிவிடும். ஏரியில் அந்த வாய்ப்பு எப்போதோ வரும். தொட்டியில் தினமும் வருகிறது. இன்னொரு மறுப்பு கனமானது. மலாவி மீன்கள் வயிறு உப்பி, இரை எடுக்காமல், வெள்ளை நூல்போலக் கழிந்து சாகும் நோய்க்கு ஒட்டுண்ணிதான் காரணம், தீனி அல்ல என்கிறார்கள். நிபுணர்களிடையே இன்னும் தீராத வழக்கு அது. ஒட்டுண்ணி என்றே வைத்துக்கொள்வோம். சாக்கடை ஓரத்தில் அள்ளிய டியூபிஃபெக்ஸைத் தொட்டியில் போடுவதற்கு அது ஆதரவான வாதம் இல்லையே. மாட்டு இதயம் போட்டே தலைமுறை தலைமுறையாக டிஸ்கஸ் வளர்க்கவில்லையா என்பது மூன்றாவது. வளர்க்கிறார்கள், குஞ்சும் எடுக்கிறார்கள். கொழுப்பைச் சுத்தமாக நீக்கி, தினமும் தண்ணீர் மாற்றினால் நடக்கும். ஆனால், மாட்டுக் கொழுப்பு உருக 40 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். மீனின் வயிற்றுக்குள் இருப்பதோ தொட்டித் தண்ணீரின் சூடுதான். அமேசான் காடுகளில் டிஸ்கஸின் வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வாளர்கள் கண்டது பெரும்பாலும் பாசி, மக்கிய இலைதழை, கொஞ்சம் நீர்ப்பூச்சி. அங்கே அது மாட்டைக் கண்டதே இல்லை.

புரதம் குறைந்தால் முட்டை குறையும் என்ற பயம் நியாயமானது. ஆனால், ஸ்பைருலினா பாசியில் உலர் எடையில் 60 சதவீதம் அளவுக்குப் புரதம்தான். அதைச் சேர்த்த குருணையை நாளுக்கு மூன்று, நான்கு முறை, ஓரிரு நிமிடத்தில் தீரும் அளவுக்குப் போட்டால் மேய்கிற மீனுக்குப் புரதமும் கிடைக்கும், சிறுகச் சிறுகத் தின்னவும் முடியும். ஆஸ்கருக்கு இந்தக் கணக்கு ஆகாது. அதற்கு இறாலும் மீன் துண்டும் வேண்டும். ம்புனாவிலேயேகூட கடைக்காரர் ‘யெல்லோ லேப்’ என்று தரும் மஞ்சள் மீன் பூச்சிப்புழு பக்கம் சாய்ந்தது. இனம் எது என்று கேட்காமல் தீனி வாங்குவது வீண். தீனி நல்லதென்றாலும் பழசாகக் கூடாது. திறந்து மாதக்கணக்கில் வெயிலில் வைத்த டப்பாவில் வைட்டமின் சி மிஞ்சாது. அந்தக் குறையால் மீனுக்கு முதுகெலும்பே வளையும். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது இந்த விஷயத்தில் பொய்க்கணக்கு.

சத்தைக் கூட்ட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ம்புனா தாய் முட்டைகளை வாயில் அடக்கியபடி ஏறத்தாழ மூன்று வாரம் ஏதும் தின்னாமல் கிடக்கும். தலை பெருத்து, வயிறு ஒட்டி, முதுகு கத்தி முனையாகிவிடும். குஞ்சுகளைத் துப்பிய மறுநாளே ஆணோடு சேர்த்துவிட்டால், அடுத்த ஈட்டுக்கான சத்தை அது எங்கிருந்து எடுக்கும்? தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம், முதல் சில நாள் அரைத் தீனி, பிறகு ஸ்பைருலினா குருணையோடு இடையிடையே கொஞ்சம் ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால். முதுகு மறுபடி உருண்டையானதும் ஆணிடம் விடலாம்.