யுத்தம் பெற்ற பிள்ளையா?

யுத்தமே விஞ்ஞானத்தின் தாய் என்று கூறுவோர் நம்மிடையே பலர் உளர். விவாத மேடைகளிலே மாணவர் இவ்வாதத்தை எடுத்தாளும்போது, முதலில் அணுக்குண்டும் அடுத்தபடியாக ஹெலிகொப்டரும் சான்றாக வந்து நிற்கக் காண்கின்றோம். அணுக்குண்டு பற்றி நாம் வழக்காட வரவில்லை. ஹெலிகொப்டரின் கதை வேறு. 1980களிலும் 1990களிலும் நம் வடபுலத்திலே அதன் ஒலி கேட்டுப் பதுங்குகுழி தேடி ஓடிய தலைமுறைக்கு அது யுத்தத்தின் பிள்ளையாகவே தோன்றும், அதிற் குற்றமில்லை. ஆயினும் அதன் பிறப்பை ஆராய்வார்க்கு உண்மை வேறாகவே புலப்படும்.

ஸ்பானிய நாட்டவரான ஹுவான் தெ லா சியேர்வா என்பார் மூன்று எஞ்சின் பூட்டிய பெரிய விமானம் ஒன்றை அமைத்தார். (குண்டு வீசும் விமானமாகவே அது எண்ணப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.) 1919ஆம் ஆண்டிலே, நிலத்துக்கு அண்மையிற் பறக்கையில் வேகங் குன்றி அது வீழ்ந்து நொறுங்கியது. வேகங் குன்றினும் வீழாத பறக்கும் யந்திரம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அதன் விளைவே ஓட்டோகைரோ. ஹெலிகொப்டரில் எஞ்சினே தலைக்குமேலுள்ள சுழலியைச் சுற்றுகின்றது. ஓட்டோகைரோவிலோ எஞ்சின் முன்னுள்ள விசிறியை மாத்திரம் இயக்கும். மேலுள்ள சுழலி எதிர்க்காற்றினால் தானே சுழலும். எஞ்சின் நின்றுபோயினும் சுழலி நில்லாது. யந்திரம் மெல்ல இறங்கும்.

முதலிற் செய்தவை பக்கவாட்டிலே கவிழ்ந்தன. காற்றை எதிர்த்து முன்செல்லும் அலகு மிகுதியாகவும், பின்செல்லும் அலகு குறைவாகவும் தூக்குவதே காரணம். ஒவ்வோர் அலகின் அடியிலும் பிணைச்சல் ஒன்றை வைத்து, அது மேலுங் கீழும் அசைய விட்டார் சியேர்வா. 1923 ஜனவரியில், மத்ரித் நகருக்கு அருகிலுள்ள ஹெதாபேயில் அவ்யந்திரம் பறந்தது. பின்வந்த ஹெலிகொப்டர்க்கெல்லாம் இச்சிறு பிணைச்சல் வழிகாட்டியது. இஃது எந்தச் சேனாதிபதியின் கட்டளையாலும் நிகழ்ந்ததன்று. 1936 டிசம்பரிலே, லண்டனை அடுத்த குரொய்டனில், சாதாரண விமானம் ஒன்றிற் பிரயாணியாகப் புறப்பட்ட சியேர்வா, அது பனிமூட்டத்தில் விழுந்து நொறுங்கியதால் உயிர் துறந்தார். இரண்டாவது மகாயுத்தம் மூள இன்னும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்தன.

ஜேர்மனியிலே போக்கே என்பாரின் ஹெலிகொப்டர் பறந்ததும் அதே 1936இலேதான். சிக்கோர்ஸ்கியோ 1909ஆம் ஆண்டிலேயே, கீவ் நகரத்து இளைஞராக இருந்தபோது, ஹெலிகொப்டர் செய்து தோற்றவர். முப்பதாண்டு காத்திருந்து, 1939 செப்டெம்பர் 14ஆந் திகதி அமெரிக்காவிலே அதனை நிலத்தினின்றும் எழுப்பினார். அமெரிக்கா யுத்தத்திற் புகுந்தது அதற்கு ஈராண்டுக்குப் பின்னரே.

அங்ஙனமாயின் யுத்தம் தானாகப் பெற்றது யாது? ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களிலே கயிறு கட்டிப் பறக்கவிட்ட எவ்ஏ 330 என்னும் சுழலிப் பட்டத்தைச் சொல்லலாம். அதற்கு எஞ்சின் கிடையாது. கப்பல் இழுக்க, ஒருவன் அதில் அமர்ந்து ஏறக்குறைய 120 மீற்றர் உயரத்தினின்று தூரத்துக் கப்பல்களைப் பார்த்துத் தொலைபேசியிற் சொல்வான். பகை விமானங்கள் அருகிய நமது இந்து சமுத்திரத்திலேதான் அது பெரிதும் பயன்பட்டது. 1943 ஆகஸ்டில் எவ்தாலியா மாரி என்னும் கிரேக்கக் கப்பல் அதன் கண்ணிற் பட்டு மூழ்கடிக்கப்பட்டது. பகை விமானம் தோன்றினால் கப்பல் உடனே நீரில் மூழ்க வேண்டும். மேலே இருப்பவன் சுழலியைக் கழற்றிவிட்டுப் பரசூட்டிற் கடலில் இறங்க வேண்டியவனே. அவனை மீண்டும் எடுப்பார் யார்? மாலுமிகள் அதனை விரும்பாமையில் வியப்பில்லை.

இதற்கு மறுதலையாக 1944 ஏப்ரலிலே பர்மாவில் நிகழ்ந்ததை நோக்குக. காயமுற்ற பிரித்தானியச் சிப்பாய்கள் மூவரை ஏற்றிவந்த சிறிய அமெரிக்க விமானம் யப்பானியர் கைப்பட்ட பிரதேசத்திலே தரையிறங்க நேர்ந்தது. அங்கே விமானம் இறங்க ஓடுபாதை இல்லை. லெப்டினன்ட் காட்டர் ஹார்மன் சிக்கோர்ஸ்கியின் ஆர்-4 ஹெலிகொப்டரிற் சென்றார். அதிலே விமானியைத் தவிர ஒருவருக்கே இடமுண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த அக்காற்றிலே அதன் சிறிய எஞ்சின் திணறியது. முதல்நாள் இருவரைக் கொணர்ந்ததும் எஞ்சின் கொதித்துப் பணி தடைப்பட்டது; மறுநாள் மற்றை இருவரையும் கொணர்ந்தார். யுத்த களத்தில் ஹெலிகொப்டர் செய்த முதல் மீட்பு என இதனைக் கொள்வர். நால்வர் உயிர், மகாயுத்தத்தின் கணக்கிலே அது துளியினுந் துளி. எனினும் வேகமும் பலமும் இல்லாத அந்த யந்திரம், நின்று இறங்க வல்லது என்னும் ஒரே காரணத்தால், அந்நாளில் வேறெந்த விமானத்தாலும் ஆகாததைச் செய்தது.

எதிர்வாதிக்கு உரியதை நாம் மறுக்கவில்லை. யுத்தம் பணத்தைக் கொடுத்தது, அவசரத்தைக் கொடுத்தது. அமைதிக் காலத்திலே ஆர்-4 நூற்றுக்கு மேற்பட்டு அத்துணை விரைவிற் செய்யப்பட்டிராது. 1950 முதல் 1953 வரை கொரியாவிலே பெல் ஹெலிகொப்டர்கள் ஏறக்குறைய 18,000 காயக்காரரை வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசென்றதற்கு அந்த அவசரமும் ஒரு காரணமே. ஆனால் வளர்த்த செவிலியைப் பெற்ற தாய் என்று வழங்குதல் ஆகாது. விவாத மேடையேறும் மாணவர் அடுத்த முறை ஹெலிகொப்டரை எடுத்துக்காட்டுவாராயின், ஹெதாபேயிற் பறந்த யந்திரத்தையும் அதன் பிணைச்சலையும் எதிர்க்கட்சியார் கேட்பர் என்பதை முன்கூட்டியே அறிந்து செல்வாராக.