மினாவின் கூடாரங்களும் கூலியாளின் உரிமையும்

ஹஜ்ஜை நிறைவேற்றி ஊர் திரும்பும் ஹாஜிகளை வரவேற்கும் ஆம்பூர் இல்லங்களில், ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் பகிரப்படும் வேளையில், மினாவைப் பற்றிய பேச்சு எழாமல் இராது. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரிந்து கிடக்கும் வெண்ணிறக் கூடாரங்களை வியந்து பேசாத ஹாஜி அரிது. ஆனால் அக்கூடாரங்களை ஆயத்தம் செய்தவர் யார், ஹாஜிகள் விடைபெற்ற பின் விரிப்புகளைச் சுருட்டியவர் யார் என்னும் வினா அப்பேச்சில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தோலைப் பதனிட்டும் காலணி தைத்தும் வாழ்கின்ற நம் ஊரார் இவ்வினாவைக் கேட்கத் தகுதியுடையவர்கள். நாம் தைக்கும் காலணியின் உட்புறத்தில் அயல்நாட்டு நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்படுகிறது. தைத்த கைகளின் பெயரை எவரும் அறியார்.

மக்காவுக்குக் கிழக்கே, குன்றுகளுக்கிடையே அமைந்த பள்ளத்தாக்கு மினா. துல்ஹஜ் 8ஆம் நாள் ஹாஜிகள் அங்கு வந்து தங்குகின்றனர். 9ஆம் நாள் அரபாத் சென்று, இரவை முஸ்தலிபாவில் திறந்த வானின்கீழ்க் கழித்து, 10ஆம் நாள் மீண்டும் மினாவுக்கு வருகின்றனர். 12 அல்லது 13ஆம் நாள் அந்நகரம் காலியாகிவிடுகிறது. 2025இல் ஹஜ் செய்தோர் 16,73,230 பேர் எனச் சவூதி அரசு அறிவித்தது. பெருநகர் ஒன்றின் மக்கள்தொகை சில நாள்களுக்கு மட்டும் கூடிக் கலைகிறது என்றால், அதற்குப் பின்னுள்ள உழைப்பை ஒருவாறு கணிக்கலாம்.

துணியிலிருந்து கண்ணாடி இழைக்கு

திருமறையின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்து 80ஆம் வசனம், பயண நாளிலும் தங்கும் நாளிலும் எளிதில் கையாளத்தக்க தோல் கூடாரங்களை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. தோல் தொழிலே வாழ்வாகக் கொண்ட ஊரார்க்கு இவ்வசனம் தனிச் சுவையுடையது. பிற்காலத்தில் மினாவில் பருத்தித் துணிக் கூடாரங்களே மிகுந்தன. ஆண்டுதோறும் அவற்றை நட்டுப் பின்னர்ப் பிரித்தெடுப்பது பெரும் பணியாக இருந்தது.

1997ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், மினாவில் பற்றிய தீ பலத்த காற்றில் பரவி ஏறத்தாழ 70,000 கூடாரங்களை எரித்தது. 343 ஹாஜிகள் உயிரிழந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தோர் அவர்களுள் பலர். அதன் பின்னரே, தீப்பற்றாத வகையில் டெஃப்ளான் பூசப்பட்ட கண்ணாடி இழைக் கூடாரங்கள் நிலையாக நிறுவப்பட்டன. இன்று அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் மேல்.

கூடாரங்கள் நிலையானவை ஆயினும் நகரம் நிலையானதன்று. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த பள்ளத்தாக்கை ஹஜ்ஜுக்கு முன் மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டியுள்ளது. கிழிசல்களைத் தைத்து, குளிர்சாதனங்களையும் மின்கம்பிகளையும் சோதித்து, தண்ணீர்க் குழாய்களைச் சீர்செய்து, விரிப்புகளும் மெத்தைகளும் இட்டு, சமையற்கூடங்களையும் கழிப்பிடங்களையும் ஆயத்தம் செய்யும் பணி தொழிலாளர்களின் தோள்களில் விழுகிறது. அரபாத் திடலிலோ ஹஜ்ஜுக்கெனவே கூடாரங்கள் எழுப்பப்படுகின்றன. ஹாஜிகள் சென்ற பின் குப்பையை அள்ளுவதும் தளவாடங்களை அகற்றுவதும் மற்றொரு பெரும்பணி. தெற்காசியாவிலிருந்தும் பிற அரபு, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இப்பணிகளில் மிகுதியாக ஈடுபடுகின்றனர். இலட்சக்கணக்கானோர் வாழ்நாளெல்லாம் ஏங்கும் அம்மண்ணில் அவர்கள் வாரக்கணக்கில் நிற்கிறார்கள். எனினும் அனுமதியின்றி அவர்களும் ஹஜ் செய்ய இயலாது.

வெயிலும் நாள்காட்டியும்

2024ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மக்காவின் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தோர் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அனுமதி பெறாதவர்க்குக் குளிரூட்டப்பட்ட கூடாரத்தில் இடமில்லை. வெயிலுக்கும் உயிருக்கும் இடையே நின்றது ஒரு கூடாரத்தின் நிழலே என்பதை உலகம் அன்று கண்டது. அந்நிழலை அமைத்தவர்க்கு நிழல் உண்டா என்று கேட்பதும் முறையே.

சவூதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை நேர்வெயிலில் வேலை வாங்கலாகாது என்னும் தடை நடைமுறையில் உள்ளது. நல்ல விதி, ஐயமில்லை. ஆனால் இத்தடை சூரிய ஆண்டைப் பின்பற்றுகிறது. ஹஜ்ஜோ பிறையைப் பின்பற்றி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்கிறது. 2024இல் தடை தொடங்கிய ஜூன் 15ஆம் நாளே அரபாத் நாளாக அமைந்தது. அதாவது, நகரை ஆயத்தம் செய்த முந்தைய வாரங்கள் யாவும் தடைக்கு வெளியே நின்றன. 2025இல் அரபாத் நாள் ஜூன் 5. ஹஜ் முழுவதுமே தடை தொடங்குமுன் முடிந்துவிட்டது. இனி வரும் ஆண்டுகளில் ஹஜ் மே, ஏப்ரல் மாதங்களுக்குச் செல்லும். கோடைக்கால ஹஜ் கழிந்ததென ஹாஜிகள் ஆறுதல் கொள்ளலாம். மே மாதத்து மக்காவின் நண்பகலில் கம்பம் நடுபவர்க்கு அந்த ஆறுதல் இல்லை. ஹஜ்ஜுக்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களையும் பிறைக் கணக்கில் இத்தடைக்குள் கொணர்வதே நேரிய தீர்வாகும். ஒரு நாள்காட்டியில் வேலை வாங்கி, மற்றொரு நாள்காட்டியில் ஓய்வு தருவது பொருந்தாது.

நன்மை வேறு, கூலி வேறு

ஹாஜிகளுக்குச் செய்யும் பணி பெரும்புண்ணியம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் அப்புண்ணியத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்கவோ தாமதிக்கவோ எவர்க்கும் உரிமையில்லை. இதற்குரிய தீர்ப்பு மினாவிலேயே வழங்கப்பட்டுவிட்டது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நூறு ஒட்டகங்களைப் பலியிட ஏற்பாடு செய்தார்கள். அவற்றின் இறைச்சியையும் தோலையும் மேல்விரிப்புகளையும் தருமமாகப் பங்கிடும் பொறுப்பு ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அறுப்பவரின் கூலியை அவற்றிலிருந்து கொடுக்கலாகாது, அதைத் தனியே கொடுக்க வேண்டும் என்று பெருமானார் பணித்ததாக அலி (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

குர்பானித் தோலைக் கையாண்டு பழகிய ஆம்பூர் மக்களுக்கு இச்சட்டம் புதியதன்று. தோல் ஏழைக்கும் மதரஸாவுக்கும் செல்கிறது. அறுத்தவர் தம் கூலியைப் பணமாகப் பெறுகிறார். இதன் உட்பொருளைச் சற்று விரித்துப் பார்த்தல் வேண்டும். உழைப்பவன் ஏழையாகவும் இருக்கலாம். ஏழை என்ற முறையில் அவனுக்குத் தருமம் சேரலாம். ஆனால் தருமம் அவன் கூலியாகாது. கூலி அவன் உரிமை. தருமம் கொடுப்பவரின் நன்மை. இரண்டையும் ஒன்றாக்கினால் கொடுப்பவர் தம் கடனைத் தருமமென எழுதிக்கொள்கிறார். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்னும் நபிமொழியின் கடுமையை இங்கு நினைவுகூர வேண்டும்.

குறுகிய காலப் பணியில் இவ்வெச்சரிக்கை மும்மடங்கு தேவை. ‘முஅல்லிம்’ என்று நம் ஹாஜிகள் அறிந்திருந்த பணியமைப்புகள் இன்று சேவை நிறுவனங்களாக இயங்குகின்றன. நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தக்காரருக்கும், அவரிடமிருந்து துணை ஒப்பந்தக்காரருக்கும் வேலை கைமாறுமாயின், பொறுப்பும் கைமாறிக் கரைந்துபோகும். ஆலையில் கூலி நின்றால் வாயிலில் சென்று கேட்கலாம். ஐந்து நாளில் கலையும் நகருக்கு வாயில் ஏது? ஆகவே கடைசித் தொழிலாளி வரை கூலி சேர்ந்ததென உறுதி செய்த பின்னரே ஒப்பந்தத்தின் இறுதித் தொகையை விடுவிக்க வேண்டும் என்னும் நிபந்தனை இன்றியமையாதது.

நாம் செய்யத்தக்கது

2025 ஏப்ரலில், தனியார் பயண அமைப்பாளர்கள் மினா முகாம்களுக்கான ஒப்பந்தங்களை உரிய காலத்தில் முடிக்கவில்லையென்று இந்திய அரசு அறிவித்தது. 52,000க்கும் மேற்பட்ட தனியார் இடங்களில், பின்னர் 10,000 பேருக்கு மட்டும் சவூதி அரசு மீண்டும் வாய்ப்பளித்தது. பணம் கட்டிக் காத்திருந்தோர் பலர் கண்ணீருடன் நின்றனர். மினாவில் தமக்கெனக் கட்டடம் எழுப்ப வேண்டாம், முந்தி வந்தவர் தங்கும் இடம் அது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அத்தகைய இடமும் இன்று ஒப்பந்தத்தால் அளந்து தரப்படுவதைக் கூட்டத்தின் பெருக்கம் தவிர்க்கவியலாததாக்கியிருக்கலாம். ஆனால் இடத்துக்கு ஒப்பந்தம் கேட்கும் ஏற்பாடு, உழைப்புக்கும் அதே கண்டிப்புடன் ஒப்பந்தம் கேட்க வேண்டும்.

ஹஜ் பருவ வேலைக்கென்று நம் பகுதி இளைஞரை எவரேனும் அழைத்தால், பதிவுபெற்ற முகவரா, வேலைக்குரிய விசாவா, கூலியும் வேலை நேரமும் எழுத்தில் உள்ளனவா என்று முதலில் பார்த்தல் வேண்டும். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரிப்பது நன்று. சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்வது, அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வதைப் போன்றே பேராபத்து.

ஹஜ்ஜுக்குச் செல்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. அமைப்பாளரிடம் விடுதியின் தொலைவையும் உணவின் வகையையும் கேட்டறிகிறோம். கூடாரத்தில் பணிபுரிவோர்க்குக் கூலி ஒழுங்காகச் சேர்கிறதா என்றும் கேட்போமாக. பலர் கேட்கத் தொடங்கினால் அது நிபந்தனையாகும். நிபந்தனை நாளடைவில் வழக்கமாகும். இஹ்ராமின் இரு துணிகள் அரசனையும் ஆண்டியையும் சமமாக்குகின்றன என்று பெருமையுடன் கூறுகிறோம். அத்துணியை உடுக்காமல் அதே வெயிலில் நிற்கும் மனிதனையும் அச்சமத்துவத்துக்குள் சேர்த்துக்கொள்வது நம் கடமை.