நிழலிலும் மலரும்

பூந்தோட்டம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை ரோஜாவும் மல்லிகையும் செவ்வந்தியுமே. இவை வெயிலின் பிள்ளைகள். ஆகவே, வெயில் விழாத இடத்தில் பூச்செடியே வராது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரிதானா?

எங்கள் பள்ளியின் லூர்து அன்னை கெபி பெரிய வேப்பமரத்தின் அடியில் இருக்கிறது. 1858-ஆம் ஆண்டு லூர்து நகரில் காட்சி தந்த அன்னையின் பாதங்களில் மஞ்சள் ரோஜாக்கள் இருந்தன என்று புனித பெர்னதெத் கூறினார். எனவே கெபியைச் சுற்றி ரோஜா வைக்க ஆசைப்பட்டோம். ஒன்பதாம் வகுப்பில் காசு சேர்த்து வாங்கி நட்ட பன்னிரண்டு செடிகளும் மூன்று மாதத்தில் இலை உதிர்ந்து குச்சியாயின. ரோஜாவுக்கு நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். வேப்பமரத்தடியில் அது ஏது?

மரக்கிளைகளை வெட்டிவிடலாம் என்றனர் சிலர். தரையில் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பூ வைக்கலாம் என்றனர் வேறு சிலர். இரண்டும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நண்பகலில் அந்த நிழலில்தான் சின்னஞ்சிறு பிள்ளைகள் சோற்று டப்பாவைத் திறக்கிறார்கள். அவர்கள் நிழலைப் பறித்து அன்னைக்குப் பூ வைத்தால் அன்னை மகிழ்வாளா? இடமறியாமல் செடி வாங்கிய தவறு எங்களுடையது. மரத்துக்கு ஏன் தண்டனை?

நிழலை விரும்பும் பல்லாண்டுச் செடிகள் நம்மிடையே ஏராளம். காலை வெயில் சற்றே எட்டும் ஓரத்தில் கனகாம்பரம் நன்றாகப் பூக்கும். மணமில்லை என்றாலும் பறித்த பின்பும் எளிதில் வாடாது. டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிக்காது. கிளையை வெட்டி நட்டே பெருக்க வேண்டும். டிசம்பர் பூவும் அப்படியே வேர்பிடித்து, கிறிஸ்து பிறப்புக் காலத்தில் பூத்துக் குலுங்கும். சிவந்த பந்துபோல் மலரும் மே மாத லில்லி, ஆண்டின் ஒரு பகுதி கிழங்காக மண்ணுக்குள் உறங்கும். அன்னையின் வணக்க மாதத்தில் கண் விழிக்கும். நாம் விடுமுறையில் இருக்கும்போதும் அன்னைக்குப் பூ வைக்க ஒருவர் வேண்டுமல்லவா? அடர்ந்த நிழலுக்குப் பீஸ் லில்லி ஏற்றது. அதன் சாறு வாயில் பட்டால் எரியும் என்பதால், சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

இவற்றைப் பேணும் முறையும் கடினமன்று. மரவேர் மண்ணின் சத்தை உறிஞ்சுவதால் மட்கிய உரம் இடவேண்டும். உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் குழியிலிட்டு மட்க வைத்தால் அதுவே உரம். நிழலில் ஈரம் மெல்லவே உலரும். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் நீர் ஊற்றவேண்டும். அன்பு மிகுதியால் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகும்.

மேடையேறிப் பேசும் மாணவியைப் போலவே, கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் மாணவிக்கும் திறமை உண்டு. அவளுக்கேற்ற இடத்தை அறிந்து கொடுப்பதே நம் கடமை. செடியும் அவ்வாறே.

நாங்கள் இவ்வாண்டு பள்ளியை விட்டுச் செல்கிறோம். தங்கைகளே, ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் ஆளுக்கொரு கனகாம்பரக் கிளையை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். காசு வேண்டாம், மரத்தையும் வெட்ட வேண்டாம். நாங்கள் போன பின்பும் கெபியில் பூ இருக்கட்டும்.