முடிந்தது என்று சொன்னால் போதுமா?

கம்ப்யூட்டர் திரையில் "வேலை முடிந்தது" என்று ஒரு வரி வந்தால் உடனே நம்பி விடுகிறோம். அந்த வரியை யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. இத்தனைக்கும் அதை எழுதியவனே நான்தான்!

திருத்தணி மலையடிவாரத்தில் என் தாய்மாமா பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறார். ஆந்திரப் பக்கத்திலிருந்தும் வாடிக்கையாளர்கள் உண்டு. கடன் கணக்கு முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. "டிஸ்க் போய்விட்டால் என்னடா செய்வது?" என்று அவர் கேட்டதால், பெர்ல் மொழியில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். கடை மூடும்போது ஐகானில் டபுள் கிளிக் செய்தால் போதும். விண்டோஸில் உள்ள எக்ஸ்காப்பி கட்டளையை ஸ்கிரிப்ட் அழைக்கும். அது கணக்கு பைலை எஃப் டிரைவில் உள்ள பென் டிரைவுக்குக் காப்பி செய்யும். பிறகு "பேக் அப் முடிந்தது" என்று திரையில் வரும். மாமா குழம்பக் கூடாதே என்று, எக்ஸ்காப்பி காட்டும் ஆங்கில வரிகளை மறைத்தும் வைத்தேன்.

ஆடிக் கிருத்திகை கூட்டம் முடிந்த சில நாளில் மாமா மகன் பெரிய பென் டிரைவ் ஒன்று வாங்கித் தந்தான். கம்ப்யூட்டர் அதற்கு ஜி என்று பெயர் வைத்தது. ஸ்கிரிப்ட் எஃப் டிரைவையே தேடிக் கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு இரவும் "பேக் அப் முடிந்தது" என்ற வரி மட்டும் தவறாமல் வந்தது.

தை மாதம் ஹார்ட் டிஸ்க் பழுதானது. புதிய பென் டிரைவில் ஒரு பைல்கூட இல்லை. மேஜை டிராயரில் கிடந்த பழைய டிரைவில் ஆகஸ்ட் மாதக் கணக்கு இருந்தது. "தினமும் முடிந்ததுன்னு வந்துதேடா" என்றார் மாமா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நல்லவர்கள் தாங்களாகவே வந்து பாக்கியைக் கொடுத்தார்கள். மற்றதை மாமா தள்ளுபடி செய்து விட்டார்.

தவறு எங்கே? எக்ஸ்காப்பி பொய் சொல்லவில்லை. எந்தக் கட்டளையும் முடியும்போது தன்னை அழைத்த புரோகிராமிடம் ஓர் எண்ணைத் தந்து விட்டுச் செல்லும். இதற்கு எக்ஸிட் கோட் என்று பெயர். பரீட்சையில் சைபர் வாங்கினால் பெயில். இங்கே பொதுவாகச் சைபர்தான் பாஸ். எக்ஸ்காப்பியில் டிரைவ் பெயர் தவறானால் 4, டிஸ்க்கில் எழுத முடியாவிட்டால் 5. ஒவ்வொரு இரவும் அது 4 என்று சொல்லியிருக்கிறது. என் ஸ்கிரிப்ட் அதைக் காதில் வாங்கவே இல்லை.

பெர்லில் இதைக் கவனிப்பது எளிது. சிஸ்டம் என்ற கட்டளை மூலம் வெளிப் புரோகிராம் ஒன்றை இயக்கினால், முடிவு $? என்ற இடத்தில் இருக்கும். அதில் எக்ஸிட் கோட் 256ஆல் பெருக்கப்பட்டு இருப்பதால் 4 என்பது 1024 ஆகத் தெரியும். $? >> 8 என்று எழுதினால் 4 கிடைக்கும். அதற்கு முன், $? -1 ஆக உள்ளதா எனப் பார்த்திட வேண்டும். அப்படி இருந்தால் கட்டளை தொடங்கவே இல்லை என்று பொருள்.

இதில் ஒரு பொறியும் உண்டு. பெர்லில் 0 என்றால் "இல்லை" என்று அர்த்தம். பைல் திறக்கும் வரியின் பின்னால் வழக்கமாகச் சேர்ப்பது போல, சிஸ்டம் வரியின் பின்னாலும் "ஆர் டை" என்று மட்டும் சேர்த்தால், வேலை சரியாக முடிந்தபோது ஸ்கிரிப்ட் நின்று விடும், தோற்றால் ஓடும். எனவே முடிவு == 0 தானா என்று ஒப்பிட்டே எழுதிட வேண்டும். எல்லாக் கட்டளைகளுக்கும் ஒரே கணக்கு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ரோபோகாப்பியில் 1 என்றால் பைல்கள் நல்லபடியாகக் காப்பி ஆயின என்று பொருள். 8 முதல்தான் தோல்வி. ஹெல்ப் பக்கத்தை ஒரு முறை படித்து விடுங்கள்.

"வீட்டு உபயோகத்திற்கு இவ்வளவு தேவையா?" என்று சிலர் கேட்கலாம். பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறுதலாக முக்கிய டேட்டா பேஸை அழித்து விட்டார். பேக் அப்பைத் தேடினால், அது இல்லை. பேக் அப் எடுக்கும் புரோகிராம் 9.2 பதிப்பு, டேட்டா பேஸ் 9.6 பதிப்பு என்பதால் பேக் அப் தோற்றுக் கொண்டே இருந்தது. பிழை பற்றிய இமெயில்களும் வழியில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்த நகல்தான் காப்பாற்றியது. எண்ணைக் கவனித்தால் மட்டும் போதாது, அது ஒரு மனிதரிடம் வந்து சேர வேண்டும் என்பதே இதில் பாடம்.

அலுவலகத்தில் கண்காணிக்கப் பலர் உண்டு. வீட்டிலும் கடையிலும் யாரும் இல்லை. அதனால், சிறிய ஸ்கிரிப்ட்டுக்குத்தான் அதிகக் கவனம் தேவை என்பது என் கருத்து. சரிபார்க்காமல் "முடிந்தது" என்று காட்டுவதைவிட, எதுவும் காட்டாமல் இருப்பதே மேல். அப்போதாவது சந்தேகம் வந்து ஒருவர் திறந்து பார்ப்பார்.

எங்கள் ஊர் மலைக்கு 365 படிகள். டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில் ஒவ்வொரு படியிலும் நின்று பூஜை செய்து, திருப்புகழ் பாடி, பிறகுதான் அடுத்த படி. ஸ்கிரிப்ட்டும் அப்படித்தான் ஏற வேண்டும்.

உங்களுக்கு யாராவது இப்படி ஒரு புரோகிராம் எழுதித் தந்தால், "இது தோற்றால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பென் டிரைவைக் கழற்றி விட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் "முடிந்தது" என்று வந்தால், எழுதியவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். என் மாமா கடையில் இப்போது தவறு நேர்ந்தால் திரை முழுவதும் சிவப்பாகி, "பேக் அப் ஆகவில்லை, போன் செய்" என்று தமிழில் வருகிறது. இதுவரை இரண்டு முறை போன் வந்திருக்கிறது.