சிக்கனத்தைத் தொடங்க வேண்டியது அடுப்படியிலா, கடன் நோட்டிலா?

களமருதூர் போன்ற ஊர்களில் ஜும்ஆ பயானுக்குத் தலைப்புக் கிடைக்காத வாரத்தில் எங்களைப் போன்ற ஆலிம்களுக்குக் கைகொடுப்பது "வீண் விரயம்" என்ற தலைப்புதான். விரயம் செய்பவர்கள் ஷைத்தானின் சகோதரர்கள் என்ற இறைவசனத்தை ஓதுவோம். பெண்களின் புடவைச் செலவையும், பிள்ளைகளின் செல்போனையும், கல்யாண பிரியாணியையும் கண்டித்துவிட்டு இறங்கிவிடுவோம். நானும் பலமுறை அப்படிப் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் குழுக் கடன் வசூலிக்க வருபவர் தெருவுக்குள் நுழையும்போது, அந்த பயானால் யாருக்கும் ஒரு ரூபாய் மிச்சமாகியிருக்கவில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டைப் பக்கம் நெல்லும் கரும்பும் உளுந்தும் விளைகிற பூமி. நம் சமுதாயத்தினர் எல்லோரும் விவசாயிகள் அல்ல. சிறு வியாபாரம், கறிக்கடை, ஓட்டுநர் வேலை, வெளிநாட்டு வேலை என்று பலதும் உண்டு. ஆனால் ஊரில் புழங்கும் பணம் விளைச்சலோடுதான் புழங்கும். தை, மாசியில் நெல் அறுத்தால் கடையில் வியாபாரம் நடக்கும். ஆடியில் கடைக்காரர் ஈ ஓட்டுவார். கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பினால் 14 நாளில் பணம் தரவேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆனாலும் நிலுவைக்காகப் போராடாத கரும்பு விவசாயி தமிழ்நாட்டில் உண்டா? ஆக, வருமானம் பருவத்துக்கு வருகிறது, தவணையோ வாரத்துக்கு வருகிறது. பத்திரிகைகளிலும் யூடியூபிலும் சொல்லித்தரும் "மாத பட்ஜெட்" ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கு உரியது. நம் ஊர்க் குடும்பங்களுக்கு அது பொருந்துவதில்லை. பொருந்தாத சட்டையைப் போட்டுவிட்டு உடம்பைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அடுப்படியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் கைவைக்கிறார்கள். 2022-23ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய குடும்பச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒரு குடும்பம் செலவிடும் 100 ரூபாயில் சுமார் 46 ரூபாய் உணவுக்குப் போகிறது. அதில் அரிசி, கோதுமை போன்ற தானியத்துக்கு 5 ரூபாய்கூட இல்லை. குளிர்பானம், பொட்டலத் தின்பண்டம், கடையில் வாங்கும் சமைத்த உணவு ஆகியவற்றுக்குச் சுமார் 9 ரூபாய் 60 காசு. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். எனவே அடுப்படியில் குறைக்க இடமிருக்கிறது என்றால் அது சோற்றுப் பானையில் இல்லை, பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலச் சரத்தில்தான் இருக்கிறது. பிள்ளை அழும்போதெல்லாம் வாங்கித்தரும் 10 ரூபாய்ப் பாக்கெட், நாளைக்கு இரண்டு என்றால் மாதம் 600. இதைக் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை, தலை எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பெரிய விழா போலப் பேசினார்கள். மாதம் 500 ரூபாய்க்கு இந்தச் சாமான்களை வாங்கும் வீட்டில், வரிக் குறைப்பு முழுவதும் விலையில் இறங்கினாலும் மிச்சம் 55 ரூபாய். வந்தவரை அல்ஹம்துலில்லாஹ். அதே வீட்டின் தவணை அட்டையை எடுத்துப் பாருங்கள்.

50,000 ரூபாய்க் குழுக் கடன், 24 மாதம், குறையும் அசலுக்கு ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 2,640 ரூபாய் கட்டவேண்டும். முடிக்கும்போது கட்டிய மொத்தம் சுமார் 63,400. முதல் கடனைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது என்று மூன்று இடத்தில் வாங்கியிருந்தால் மாதம் 7,900 ரூபாய்க்கு மேல். அந்த வீட்டின் மாத வருமானம் 18,000 என்றால் மீதி சுமார் 10,000. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 336 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக்கு ஒரு ஆளுக்கு நிர்ணயித்த தினக்கூலியும் 336 ரூபாய்தான். இந்த வீட்டுப் பெண்ணிடம் போய் "சிக்கனமாக இரு" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் ஏற்கெனவே நம் எல்லோரையும்விடச் சிக்கனமாகத்தான் இருக்கிறாள்.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது? ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடன் மைக்ரோ ஃபைனான்ஸ். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நன்றாகக் கவனியுங்கள்: மேலே சொன்ன வீட்டுக்குப் பாதி என்பது 9,000 ரூபாய். மூன்று கடனும் விதிக்குள் அடங்கிவிடுகின்றன! கடன் கொடுப்பவருக்கு விதித்த எல்லையை நம் மக்கள் தங்களுக்குக் கிடைத்த தகுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். "எனக்கு இன்னும் எலிஜிபிள் இருக்கு" என்கிறார்கள்.

தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரல் இறுதியில் கடன் வசூலில் வன்முறையும் மிரட்டலும் கூடாது என்று ஒரு சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதலுக்குப் பின் அது சட்டமானது. கடனாளியையோ அவர் குடும்பத்தாரையோ துன்புறுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். தொல்லை தாங்காமல் ஒருவர் உயிரை விட்டால் தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு. இது தேவையான சட்டம், நம் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் இது வசூலிக்கும் முறையைத்தான் திருத்துகிறது. அசலும் வட்டியும் அப்படியேதான் இருக்கின்றன. அதோடு, குழுக் கடனில் மிரட்டல் எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரியே வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிறாள். அண்ணன் தம்பி வீட்டுப் பெண்கள் சலாம் சொல்லிக்கொள்ளாமல் போவதற்குக் காரணம் கேட்டால் பாதி இடங்களில் ஒரு தவணை அட்டை இருக்கும்.

வட்டி ஹராம் என்பது தெரியாமல் யாரும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. தெரிந்தே போடுகிறார்கள். மகளின் கல்யாணம், மாமியாரின் ஆபரேஷன், ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம். இவற்றில் ஆஸ்பத்திரிச் செலவு ஒன்றுதான் சொல்லாமல் வருவது. மற்றவை வரும் தேதி நமக்கு முன்பே தெரியும். தெரிந்த செலவு திடீர்ச் செலவாக மாறுவது ஏன்? மாதத்தை மட்டும் பார்த்து, வருடத்தைப் பார்க்காததால்.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமாகக் காலம் கழிந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இதை மிம்பரில் அடிக்கடி சொல்கிறோம். அதே ஸஹீஹ் புகாரியில், பனூ நளீர் தோட்டத்து விளைச்சலிலிருந்து தம் குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கான உணவை நபி (ஸல்) அவர்கள் எடுத்து வைத்ததாக உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியும் இருக்கிறது. இதை நாங்கள் சொல்வது குறைவு. இரண்டும் முரண் இல்லை. எடுத்து வைத்ததிலிருந்து ஏழைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் கொடுத்துத் தீர்ந்துபோகும் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். விளைச்சல் வரும் நேரத்தில் வருடத்துக்குத் திட்டமிடுவது தவக்குலுக்கு எதிரானது இல்லை என்பது இதில் தெளிவு. யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னனுக்குச் சொன்ன யோசனையும் இதுவே: விளையும் ஏழு வருடத்தில் சாப்பிடுவதற்குக் கொஞ்சம் போக மீதியைக் கதிரோடு வையுங்கள். தேவைக்கு அதிகமாக அடிக்காமல் கதிரோடு வைத்தால் பூச்சி அரிக்காது, அவசரப்பட்டு எடுக்கவும் கை வராது. நம் பாட்டிமார் குதிரில் கொட்டி வாயை மண்ணால் பூசியதும் இதற்குத்தான்.

இந்தக் கணக்கை ஒரு நோட்டில் போடலாம். 2025இல் பள்ளிகள் ஜூன் 2 அன்று திறந்தன, பக்ரீத் ஜூன் 7. ஒரே வாரத்தில் இரண்டு பெரிய செலவு. குழுக் கடன் வாங்கத் தோதான வாரம் அது. 2026இல், பிறையைப் பொறுத்து, ரமலான் பிப்ரவரியிலும் பக்ரீத் மே கடைசியிலும் வருகின்றன. ஹிஜ்ரி வருடம் ஆங்கில வருடத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் பெருநாட்கள் முன்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். இன்னும் சில வருடங்களுக்கு ரமலான் நம் பகுதியின் அறுவடைக் காலத்தை ஒட்டியே வரும். கையில் காசு புரளும் நேரத்தில் பெருநாள் வருவது சந்தோஷம்தான், ஆனால் ஆபத்தும் அதுதான். பெருநாள் ஜவுளிக்கு 8,000, ஜூன் பள்ளிக்கு 12,000, பக்ரீதுக்கு 5,000, உறவினர் கல்யாண மொய்க்கு 5,000, மருந்துக்கு 6,000 என்று ஒரு வீடு எழுதினால் மொத்தம் 36,000. தை மாதப் பணத்தில் அந்தத் தொகையை முதலில் தனியே எடுத்துவைத்துவிட்டு மீதியில்தான் மாதச் செலவு. அவ்வளவு எடுக்க வழியில்லை என்றால் எந்த வரியை அடிப்பது என்று நோட்டே காட்டிவிடும். அறுவடைப் பணம் வராத வீடுகளுக்கு மாதம் 3,000 ஒதுக்குவது சிரமம். தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் சம தொகை போட்டு, தள்ளுபடி எதுவும் இல்லாமல் முழுத் தொகையையும் முறை வைத்து எடுக்கும் குலுக்கல் சீட்டில் அவர்கள் சேரலாம். ஏலச்சீட்டு வேறு, இது வேறு. இதைக் கூடும் என்றே உலமாக்கள் பலர் சொல்கிறார்கள்.

நோட்டு எழுதுவதைச் சில ஆண்கள் கேலி செய்வதுண்டு. குர்ஆனிலேயே நீளமான வசனம் எது? பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. சிறிய தொகையானாலும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்ற அறிவுரையும் அதில் அடக்கம்.

எழுத வேண்டும் என்றால் வருமானம் எவ்வளவு என்று தெரியவேண்டும். அங்கேதான் பல வீடுகளில் சிக்கல். குழுக் கடன் பெரும்பாலும் மனைவி பெயரில், வருமானமோ கணவர் கையில். அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அவளுக்குச் சொல்வதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் சிலர் சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள், உள்ளூரில் இருப்பவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள். அபூஸுஃப்யான் (ரலி) அவர்கள் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று அவருடைய மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைக்கும் நியாயமான அளவில் போதுமானதை எடுத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். குடும்பச் செலவு மனைவியின் உரிமை என்பதற்கு ஃபிக்ஹ் நூல்கள் எடுத்துவைக்கும் ஆதாரம் இது. கணக்கைக் காட்டாத கணவருக்கு, மனைவி ஊதாரி என்று சொல்லும் தகுதி இல்லை.

இத்தனையும் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை. ஏற்கெனவே மூன்று அட்டையில் மாட்டியிருப்பவர் நோட்டு எழுதி மட்டும் மீளமுடியாது. இங்கே ஜமாஅத்தின் பங்கு இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டால், கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்பார்கள். அடைக்க வழியில்லாத கடன் இருந்தால் தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொல்வார்கள். பிறகு வெற்றிகள் கிடைத்து நிதி வந்தபோது, கடனோடு மரணிப்பவரின் கடனைத் தாமே பொறுப்பேற்பதாக அறிவித்தார்கள். இரண்டாவது பாதியை நம் ஜமாஅத்துகள் மறந்துவிட்டன. ஸகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் உண்டு என்று தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சொல்கிறது. ஆனால் ரமலான் வந்தால் என்ன செய்கிறோம்? ஒருவருக்கு 200 ரூபாய், ஒரு சேலை, ஒரு பை மளிகை. வாசலில் வரிசை. வாங்கியவரும் வறுமையிலிருந்து வெளியே வருவதில்லை, கொடுத்தவருக்கும் எங்கே போனது என்று தெரிவதில்லை.

அந்த 200 ரூபாயை 100 பேருக்குக் கொடுக்கும் செல்வந்தர், அதே 20,000 ரூபாயில் ஸகாத் பெறத் தகுதியுள்ள ஒரு விதவையின் மீதிக் கடன் முழுவதையும் ஒரே நாளில் கட்டி முடிக்கலாம். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்பதும் அதே ரிசர்வ் வங்கி விதியில் உள்ளதுதான். அவள் கையில் பணத்தைக் கொடுத்து அவளை உரியவளாக்கிவிட்டு, ஜமாஅத்தில் ஒருவர் கூடப்போய்க் கட்டி, கடன் முடிந்ததற்கான சான்றை வாங்கி வரவேண்டும். வருடத்துக்கு மூன்று வீடு, நான்கு வீடு என்று போனால்கூடப் பத்து வருடத்தில் ஒரு தெரு மீளும். கடனுக்குப் பெரிய காரணமே கல்யாணச் செலவு என்பதால், நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் அதே மஹல்லா நிர்வாகம் விருந்துக்கும் சீருக்கும் ஒரு வரம்பை எழுதிவைக்கட்டும். அந்த வரம்பை முதலில் நிர்வாகிகளின் வீட்டுக் கல்யாணத்தில் பார்க்கவேண்டும், ஏழை வீட்டில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரமலானுக்கு முன் ஜமாஅத் கூட்டம் எப்படியும் நடக்கும். நோன்புக் கஞ்சிக்கு யார் எந்த நாள் என்று பட்டியல் போடுவோம். அந்தக் கூட்டத்தில் இன்னொரு பட்டியலும் வேண்டும்: நம் மஹல்லாவில் எத்தனை வீட்டில் தவணை அட்டை இருக்கிறது, மொத்தம் எவ்வளவு மீதி. பெயர்கள் இமாமுக்கும் முத்தவல்லிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வீட்டுக்கு வீடு போய்ப் பெண்களிடம் கேட்டு எழுத, ஊரில் படித்த நம் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் போதும். ஷஃபான் மாதத்தில் ஒரு வாரம் ஆகும்.